மிஸ்ஸி கணக்கு

எங்கள் வட்டாரத்தில் எந்தத் தமிழ்க் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. "தமிழ்ப்பள்ளியில பிள்ளைங்க கொறஞ்சிக்கிட்டே போறாங்க. காரணம் என்ன? நம்ம பொண்ணுங்க பிள்ளை பெத்துக்க மாட்டேங்கிறாங்க." முன்வரிசையில் இருக்கும் ஆண்கள் தலையாட்டுவார்கள். அப்புறம் மீகூனும் சீராப் தண்ணியும் வரும், பேச்சு அத்தோடு சரி.

நான் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் அரசாங்கக் கிராமக் கிளினிக்குகளில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வுபெற்றவள். பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பிள்ளை பெறுவது, பெறாமல் தள்ளிப்போடுவது, பெற்றதைக் காப்பாற்றுவது, இதுதான் கடைசி வரை என் பிழைப்பு. அதனால் அந்தப் பேச்சுக்கு என்னால் தலையாட்ட முடியவில்லை. கூட்டத்தில் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடவும் முடியாது. இங்கே எழுதுகிறேன்.

என் அம்மாவிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "ஒம்போது பெத்தேன், ஏழு நெலச்சிது" என்பார். அந்தக் காலத்துப் பெண்கள் யாரும் ஒற்றை எண்ணில் பதில் சொன்னதில்லை. கிளினிக்கில் பாட்டிமார்களுக்கு அட்டை எழுதும்போது இதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். "பத்து, ஆறு நெலச்சிது." "ஏழு, அஞ்சு." துக்கமாகக்கூடச் சொல்ல மாட்டார்கள், மளிகைக் கணக்குச் சொல்வதுபோல் வரும். நாடு சுதந்திரம் அடைந்த 1957-ல் இங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் 75 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. 1,00,000 பிரசவத்துக்குச் சுமார் 280 தாய்மார்கள் இறந்தார்கள். இன்று குழந்தை இறப்பு 1,000-க்கு 7-ஐ ஒட்டி நிற்கிறது, தாய் இறப்பு பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

தோட்டத்தில் ஏன் நிலைக்கவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. விடிகாலை நாலரை மணிக்குப் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பாலெடுக்க, போன பெண்கள், வயிற்றில் பிள்ளையோடும் வெட்டினார்கள். வெறுங்காலோடு நடந்து கொக்கிப்புழு ஏறி, ரத்தசோகை பிடித்துக் கண் இமையைப் புரட்டினால் வெள்ளையாக இருக்கும். பிரசவமாகி நாற்பது நாள் கழிந்ததும் குழந்தையை ஆயாக் கொட்டகைத் தூளியில் போட்டுவிட்டு மறுபடியும் வேலைக்கு. கொட்டகையில் ஒரு தூளியில் பேதி என்றால் வரிசையாக எல்லாத் தூளியிலும் பேதிதான்.

ஒன்பதாவது பிரசவத்துக்குப் பிறகு தோட்டத்து டிரசர் (மருத்துவ உதவியாளர்) அப்பாவைக் கூப்பிட்டு, "இன்னொண்ணு இந்த ஒடம்பு தாங்காதுய்யா, கருத்தடைக்குக் கையெழுத்துப் போடு" என்றாராம். அப்பா போடவில்லை. இன்று நாளை என்று இழுத்தார். கடைசியில் அவரை மடக்கியது பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா. "நான் பதினொண்ணு பெத்து நாலுதான் நெலச்சிது. எனக்கு எவனும் அப்போ இப்படி ஒரு தாளு நீட்டல. போடுறா" என்றார். அப்பா போட்டார். மாமியார் என்றாலே பேரன் கேட்டு நச்சரிப்பவள் என்று எழுதுகிறவர்கள் பாட்டியைச் சந்தித்ததில்லை.

இந்த நாட்டில் தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் 1966-ல் வந்தது. 1970-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஐந்து பிள்ளை, சரியாகச் சொன்னால் 4.9. வாரியம் மாத்திரை கொடுத்ததால் மட்டும் அது குறையவில்லை. என்னோடு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் உட்கார்ந்த பெண்களில் பெரும்பாலோர் ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டார்கள். அம்மாவுக்குக் கைவேலை செய்ய மரத்தடிக்குப் போனார்கள். நான் இடைநிலைப்பள்ளிக்கு முந்தின புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் இருந்து மலாய் மொழியோடு மல்லுக்கட்டி, இடைநிலைப்பள்ளியில் படிவம் 5 முடித்து, தாதியர் பயிற்சிக்குப் போனேன். பயிற்சி முடிந்து முதல் கிளினிக்கில் உட்கார்ந்த சில மாதத்திலேயே பழைய வகுப்புத் தோழி ஒருத்தி மூன்றாவது பிள்ளையோடு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நான் அப்போது கல்யாணமே ஆகாதவள். "ஏண்டி, நீதான் மிஸ்ஸியா?" என்று சிரித்தாள். அட்டையில் அவள் வயதை எழுதும்போது என் வயதைத்தான் எழுதினேன்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கிராமக் கிளினிக் என்றால் சுமார் 4,000 பேருக்கு ஒன்று. முன்பக்கம் கிளினிக், ஒட்டினாற்போல மிஸ்ஸிக்கு வீடு, வாசலில் மோட்டார் சைக்கிள். கர்ப்பிணிக்கு ஒரு புத்தகம், அதன் அட்டையில் நிற ஒட்டு. வெள்ளை என்றால் நாமே பார்த்துக்கொள்ளலாம். பச்சை என்றால் டாக்டர் கண்ணில் படவேண்டும். மஞ்சளுக்கு நிபுணர். சிவப்பு ஒட்டினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத மாமியாருக்கும் நிறம் புரியும். புத்தகத்தில் சிவப்பைப் பார்த்துவிட்டால் வீட்டில் ஒருவரும் "பூஜை முடியட்டும்" என்று சொல்லமாட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் வந்த ஏற்பாடு இது. என்னைக் கேட்டால் எத்தனையோ மருந்தைவிட அந்த ஒட்டுத்தாள் அதிகப் பேரைக் காப்பாற்றியது.

பிரசவமாகி வந்ததும் நாம் வீட்டுக்குப் போவோம். முதல் பத்து நாளில் பலமுறை, அப்புறம் இருபதாம் நாள் ஒருமுறை. தொப்புள் காய்ந்ததா, கர்ப்பப்பை சுருங்கிவிட்டதா, குழந்தையின் மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்தால் மஞ்சள் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைத்தான் முதலில் பயன்படுத்துவேன். காரணம் அந்துருண்டை. நம் வீடுகளில் முதல் பிள்ளைக்குப் போட்ட சட்டையை டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டுப் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். அடுத்த குழந்தைக்கு அதையே எடுத்து உதறிப் போடுவார்கள். ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு அந்த வாசனையே ஆபத்து, சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை ஏறிவிடும். மலேசியாவில் பிறக்கிற குழந்தைகளுக்குத் தொப்புள் கொடி ரத்தத்திலேயே இதைப் பரிசோதித்துவிடுகிறார்கள். முடிவு ஆஸ்பத்திரித் தாளில் இருக்கும், பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருத்தி மோட்டாரில் வரவேண்டியிருந்தது. ஒரு பாட்டி கோபத்தில், "நாங்க வளத்த புள்ளைங்கல்லாம் அந்துருண்டை மோந்துதான் வளந்துச்சி" என்றார். பக்கத்துப் பாட்டி மெதுவாக, "நெலச்சது வளந்துச்சி" என்றார். எனக்கு அங்கே பேச ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

எடை ஏறாத பிள்ளைகளுக்கு மாதாமாதம் உணவுக்கூடை கொடுக்கும் திட்டம் 1989-ல் தொடங்கியது. அரிசி, நெத்திலி, பால்மாவு, பிஸ்கட். எடை ஏறவில்லையே என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அந்தப் பால்மாவில் தாத்தாவுக்குத் தேத்தண்ணி கலக்கியிருப்பார்கள். எனக்கும் ஒரு கிளாஸ் வரும். குடித்துக்கொண்டே திட்டியிருக்கிறேன்.

இந்த வேடிக்கையும் நடந்தது: 1984-ல் அரசாங்கம் புதிய மக்கள்தொகைக் கொள்கை கொண்டுவந்தது. 2100-க்குள் நாட்டு மக்கள் 70 மில்லியன் ஆகவேண்டும், வசதி இருப்பவர்கள் ஐந்து பிள்ளை பெறலாம் என்றார் அன்றைய பிரதமர் மகாதீர். நான் அப்போது புது மிஸ்ஸி. இந்தப் பக்கம் அலமாரியில் கருத்தடை மாத்திரை அட்டை, அந்தப் பக்கம் வானொலியில் 70 மில்லியன். "மிஸ்ஸி, பிரதமர் அஞ்சுங்கிறாரு, நீங்க ரெண்டுங்கிறீங்க, யாரு பேச்சைக் கேக்குறது?" என்று பெண்கள் கிண்டலடித்தார்கள். கேட்டவர்களே மாத்திரை அட்டையையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள். இன்று மக்கள்தொகை 34 மில்லியன். 2059-ல் 42 மில்லியனைக் கொஞ்சம் தாண்டி உச்சம் தொட்டுவிட்டு இறங்க ஆரம்பிக்கும் என்பது புள்ளிவிவரத் துறையின் கணிப்பு. 70 எல்லாம் அந்த வானொலியோடு போயிற்று.

இப்போது மைக் பிடித்தவர்களின் கணக்குக்கு வருவோம். அவர்கள் சொல்லும் எண் தப்பில்லை. இந்தியப் பெண்ணுக்கு இப்போது சராசரி ஒன்றுக்குச் சற்று மேல். மலாய்க்காரர்களுக்கு இரண்டை ஒட்டி, சீனர்களுக்கு ஒன்றுக்கும் கீழே. தமிழ்ப்பள்ளிகளில் 2010 வாக்கில் 1,00,000-க்கு மேல் இருந்த பிள்ளைகள் இப்போது 80,000-க்கும் குறைவு. சரி. ஆனால் நம்மைவிடக் குறைவாகப் பெறும் சீனர்களின் பள்ளி ஏன் காலியாகவில்லை? மலாய்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தியப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் தமிழ்ப்பள்ளிக்கு வருகிறார்கள். மேடையில் பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் எந்தப் பள்ளி என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டவள் நான்தானே.

இன்னொன்று, பள்ளி இருக்குமிடம். ஏழு முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேராவது இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால் பள்ளிகள் லயத்தைப் பார்த்து முளைத்தன. சுதந்திரத்தின்போது 888 தமிழ்ப்பள்ளிகள். ரப்பர் பால்மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது, சில இடங்களில் வீட்டுமனையும் கோல்ஃப் திடலும் வந்தன. நம் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிள்ளான், காப்பார், ஷா ஆலம் பக்கம் ஃபிளாட்டுக்கும் தாமானுக்கும் (குடியிருப்புப் பேட்டைக்கும்) போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் மட்டும் செம்பனைக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. இன்று 530-க்கும் குறைவான பள்ளிகள். அவற்றிலும் பல 150 பிள்ளைகளுக்குக் கீழே உள்ள 'குறைந்த மாணவர் பள்ளி'கள். நான் பல் பரிசோதனைக் குழுவோடு போன ஒரு பள்ளியில் இரண்டு வகுப்பை ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். ஆசிரியர் பாதிக் கரும்பலகையில் ஒருவகுப்புக் கணக்கு, மீதிப் பாதியில் அடுத்த வகுப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் நன்றாகத்தான் படித்தார்கள். ஆனால் அந்த லயத்தில் இப்போது குடியிருப்பது வங்காளதேசத்து ஆட்கள். இந்தப் பிள்ளைகள் எல்லாம் வேனில் வருகிறவர்கள். வேன்காரர் நின்றுவிட்டால் பள்ளியும் நின்றுவிடும். இதற்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம்?

எனக்குப் பெரிய கவலை பிறக்காத பிள்ளைகளைப் பற்றியல்ல. பிறந்து, நிலைத்து, படித்து, ஐம்பது வயதில் கால் போகிறவர்களைப் பற்றி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலை வரிசை முழுக்க வயிறும் தொட்டிலுமாக இருக்கும். கடைசி வருஷங்களில் அதே பெஞ்சில் இனிப்பு நீர்க்காரர்கள் (நீரிழிவு உள்ளவர்கள்), ரத்தக் கொதிப்புக்காரர்கள். 2019 தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் இனிப்பு நீர் உள்ளவர்கள் 18.3 விழுக்காடு. இந்தியரில் மட்டும் 31.4, ஏறக்குறைய மூன்றில் ஒருவர். மிக மலிவான வைத்தியம் இங்கே இருக்கிறது. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்), டாக்டரும் மருந்தும் அதில் அடக்கம். அப்படியும் பலர் வருவதில்லை. நாள் சம்பளக்காரருக்கு அந்த ஒரு வெள்ளி பெரிதல்ல, காலை ஏழிலிருந்து மதியம் வரை உட்கார்ந்தால் போகிற கூலிதான் பெரிது.

இனிப்பு நீர்க்காரர்களின் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழை வைத்திருப்போம், தூண்டில் நரம்பு போல. கண்ணை மூடச் சொல்லிவிட்டு அதைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, வளையும் வரை அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்க வேண்டும். செம்பனையில் குலை வெட்டும் ஒருவர் வந்தார். கட்டை விரலில் தொட்டேன், பதில் இல்லை. குதிகாலுக்கு மேலே தொட்டேன், பதில் இல்லை. "மிஸ்ஸி, இன்னும் ஆரம்பிக்கலியா?" என்றார். காலைத் திருப்பிப் பார்த்தால் பாதத்துக்குள் செம்பனை முள் ஒன்று முக்கால்வாசி இறங்கி, சுற்றிலும் கறுத்திருந்தது. எப்போது குத்தியது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரண்டு விரலோடு போயிற்று, அந்த வருஷம். மறு வருஷம் முழங்காலுக்குக் கீழே. அவருடைய மகள் அப்போது படிவம் 4. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பள்ளியை விட்டு நின்றாள். மக்கள்தொகை, சுகாதாரம், கல்வி என்று அரசாங்க அறிக்கையில் மூன்று அத்தியாயமாகப் பிரித்துப் போடுவார்கள். அந்த வீட்டில் மூன்றும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தன.

இந்த இனிப்பு நீர் கர்ப்பத்திலேயே ஆரம்பிக்கிறது என்பதும் கர்ப்பிணிகளின் சர்க்கரைத் தண்ணி நாளில் தெரியும். வெறும் வயிற்றோடு காலையில் வரவேண்டும். ரத்தம் எடுத்துவிட்டு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணியை மளமளவென்று குடிக்கச் சொல்வோம். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம். பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள், மறுவாரம் முதலிலிருந்து. சர்க்கரை கூடியிருப்பவர்களில் நம் பெண்கள் அதிகம். பிரசவத்தோடு சரியாகிவிட்டது என்று போய்விடுவார்கள். பத்து வருஷம் கழித்து அதே பெயர் இனிப்பு நீர் அட்டையில் வரும். பிரசவமான ஆறாவது வாரம் திரும்பப் பரிசோதிக்கக் கூப்பிட்டால், "கொழந்தைய யாருகிட்ட விட்டுட்டு வர்றது மிஸ்ஸி?" என்பார்கள். நியாயமான கேள்வி.

பத்திரம் (பிறப்பு, குடியுரிமை ஆவணம்) இல்லாத பிள்ளைகள் கதை தனியாக எழுத வேண்டியது. கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் விட்ட கல்யாணம், தாய்க்கே அடையாள அட்டை இல்லாத வீடு என்றால் பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமைச் சிக்கல். பிறகு பள்ளியில் சேர்க்க அலைச்சல், கிளினிக்கில் வெளிநாட்டவர் கட்டணம். முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்ற சட்டம் 1982-லிருந்து நடப்பில் இருக்கிறது. ஆள் குறைகிறது என்று அழும் சங்கங்கள், இருக்கிற ஆட்களுக்குப் பத்திரம் எடுத்துக் கொடுத்தாலே சில வகுப்பறை நிறையும்.

என் மகளுக்கு ஒரு பிள்ளை. பட்டதாரி, ஷா ஆலத்தில் வேலை. "ரெண்டாவது எப்போ?" என்று கல்யாண வீட்டில் ஒரு மாமா கேட்டதற்கு, "தாஸ்கா காசு நீங்க கட்டுறதா இருந்தா இந்த வருஷமே, மாமா" என்றாள். (தாஸ்கா என்றால் குழந்தைக் காப்பகம்.) அவர் இடியாப்பத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்குப் பிரசவ விடுப்பு 42 நாள். அவள் தலைமுறைக்கு 2023 முதல் தனியார் வேலையிலும் 98 நாள், தகப்பனுக்கு ஏழு நாள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் தொண்ணூற்று ஒன்பதாம் நாள் குழந்தையை எங்கே விடுவது? தோட்டத்தில் கேவலமாக இருந்தாலும் ஓர் ஆயாக் கொட்டகை இருந்தது. ஃபிளாட்டில் அதுவும் இல்லை. தாஸ்காவுக்குச் சம்பளத்தில் கால்வாசி போகிறது, மாலை ஆறரைக்கு மேல் தாமதமானால் அபராதம் வேறு.

தமிழ்ப்பள்ளிகளில் பாலர் வகுப்பு இருக்கிறது, நல்ல ஆசிரியைகளும் இருக்கிறார்கள். மதியத்தோடு முடிந்துவிடும். வேலைக்குப் போகிற தாய் மதியம் எப்படி வருவாள்? நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் தனியார் இடத்தில் விடுகிறாள். பிள்ளை அங்கே பழகிய கூட்டாளிகளோடு ஏழு வயதில் வேறு பள்ளிக்குப் போகிறது. தமிழ்ப்பள்ளி அந்தப் பிள்ளையை இழந்தது மதியம் பன்னிரண்டு மணிக்கு. காலியாக ஆறேழு வகுப்பறை பூட்டிக்கிடக்கும் பள்ளிகளில் ஓர் அறையைத் திறந்து, பாய் போட்டு, மாலை ஆறரை வரை இரண்டு பேரை வைத்துப் பாருங்கள். வாரம் ஒருநாள் தாய்மாருக்கு அங்கேயே சர்க்கரையும் பார்க்கலாம். உரிமம், காப்புறுதி என்று ஆயிரம் தாள் எழுதவேண்டியிருக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் தாள் எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மிஸ்ஸி தேவைப்பட்டால் நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.